ஹாண்ட் பிரேக் போட்ட பிறகும் கார் ஏன் கொஞ்சம் உருள்கிறது?

திருகோணமலையில் உவர்மலை ஏற்றத்தில் ஓரமாகக் காரை நிறுத்துகிறீர்கள். ஹாண்ட் பிரேக்கைக் 'கிரிக் கிரிக்' என்று மேலே இழுத்துவிட்டுக் கால் பிரேக்கிலிருந்து காலை எடுக்கிறீர்கள். கார் மெல்லப் பின்னால் நகர்ந்து, இரண்டு மூன்று விரல்கடை போய், ஒரு சின்னக் குலுக்கலோடு நிற்கிறது. பக்கத்து ஆசனத்தில் இருக்கும் மாமா உடனே, "பிரேக் சரியாப் பிடிக்குதில்ல போல, கராஜில ஒருக்காக் காட்டும் தம்பி" என்கிறார்.

மாமா சொல்வது சில வேளை சரியாக இருக்கும். பெரும்பாலும் இருக்காது. ஹாண்ட் பிரேக் போட்டதும் கார் சிறிது நகர்ந்து நிற்பது இயல்பு. நகர்ந்துகொண்டே இருந்தால்தான் பழுது. இந்த இரண்டையும் பிரித்தறியத் தெரிந்தவர் வீணாகக் கராஜுக்குக் காசு கொடுக்கமாட்டார். உண்மையான பழுதைக் கவனியாமல் விட்டு, கார் போய் அடுத்த வீட்டு மதிலில் நிற்கும் நிலையும் அவருக்கு வராது.

திருகோணமலையில் கார் பழகுபவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. நகரம் பெரும்பாலும் சமதரை. நிலாவெளி வீதியிலும் கண்டி வீதியிலும் எவ்வளவு ஓடினாலும் ஹாண்ட் பிரேக்கின் குணம் தெரியவராது. சமதரையில் அரைகுறையாகப் போட்டாலும் கார் நிற்கும். உவர்மலைக்கும், கோட்டை வாசல் தாண்டிக் கோணேசர் கோவில் பக்கமாக ஏறும் வீதிக்கும் போகும்போதுதான் அது முதல்முறையாகத் தன் வேலையைச் செய்கிறது. அதனால்தான் புதியவர்கள் பலர் அங்கே பதறிப்போகிறார்கள்.

காருக்குக் கீழே நடப்பது

கால் பிரேக்கை மிதித்தால் பிரேக் ஒயிலின் அழுத்தம் நான்கு சில்லுகளுக்கும் போகும். ஹாண்ட் பிரேக் வேறு மாதிரி. பெரும்பாலான கார்களில் அது ஒரு இரும்புக் கேபிளை இழுத்து, பின் சில்லுகள் இரண்டை மட்டும் பிடிக்கும். அதற்கு ஒயிலும் இல்லை, என்ஜினின் உதவியும் இல்லை. உங்கள் கையின் பலம், லீவரின் நீளம், கேபிள், அவ்வளவுதான். நீங்கள் காலை எடுக்கும் அந்த நொடியில், நான்கு சில்லுகள் பிடித்திருந்த காரை இரண்டு சில்லுகள் பொறுப்பேற்கின்றன.

பொறுப்பு சிறியதல்ல. அல்டோ போன்ற சின்னக் கார் சுமார் 700 கிலோ. நான்கு பேரும் சாமான்களும் ஏறினால் 1000 கிலோவை நெருங்கும். 10 அடி போனால் 1 அடி உயரும் ஏற்றத்தில் அந்தக் காரைக் கீழே இழுக்கும் பலம் ஏறத்தாழ 100 கிலோ பாரத்துக்குச் சமம். இந்த இழுவை வந்து விழுந்ததும், பிரேக்குக்கும் வீதிக்கும் இடையில் இருக்கும் எல்லாத் தளர்வுகளும் ஒன்றன்பின் ஒன்றாக இறுகும். கரையில் கட்டிய தோணி, கயிறு இறுகும் வரை அசைந்துவிட்டு நிற்பது போலத்தான்.

தளர்வு எங்கே இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம். அடுத்த சேர்விஸுக்குப் போகும்போது பின் சில்லைக் கழற்றி, சில்லோடு சேர்ந்து சுழலும் கிண்ணம் போன்ற ட்ரம்மை எடுத்தால், மெக்கானிக் பாஸிடம் கேட்டு ஒருதரம் குனிந்து பாருங்கள். பிறை வடிவில் இரண்டு ஷூக்கள், அவற்றின் வெளிவளைவில் ஒட்டிய, ட்ரம்மை உரசிப் பிடிக்கும் லைனர், குறுக்கே ஒரு தண்டு, இரண்டு மூன்று ஸ்பிரிங்குகள், பின்பக்கம் கேபிளின் நுனி கொளுவியிருக்கும் ஒரு சிறிய லீவர். கேபிள் இழுபட்டால் அந்த லீவர் இரண்டு ஷூக்களையும் விரித்து ட்ரம்மின் உட்சுவரில் அழுத்தும். ஷூவைக் கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆடும். அது எதிலும் இறுக்கிப் பூட்டப்பட்டதல்ல. ஸ்பிரிங்கின் பிடியில் சற்று மிதந்தபடிதான் இருக்கிறது.

கார் சரிவில் நிற்கும்போது ட்ரம் சுழலப் பார்க்கும். சுழலும்போது தன்னை அழுத்திக்கொண்டிருக்கும் ஷூக்களையும் கூடவே இழுத்துப் போகும். ஷூவின் நுனி அதன் தாங்கியில் போய் முட்டியதும் ஓட்டம் முடிந்தது. அப்படி முட்டிய பிறகு, ட்ரம் சுழலும் திசைக்கு முகம் கொடுக்கும் ஷூவை ட்ரம்மே இன்னும் இறுக்கிக்கொள்ளும். கார் இழுக்க இழுக்க அந்த ஷூ கூடுதலாகப் பிடிக்கும். நீங்கள் பழுது என்று நினைத்த அந்த நகர்வுதான் பிரேக்கைக் கடைசியாக இறுக்கிவிடுகிறது.

உள்ளே நடப்பது சின்ன அசைவுதான். ஆனால் வீதியில் அது பெருத்துத் தெரியும். சின்னக் கார் ஒன்றில் டயரின் ஆரம் ட்ரம்மின் ஆரத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. எனவே ட்ரம்முக்குள் ஒரு நூல் அசைந்தால் வீதியில் மூன்று நூல் உருளும். பின்னால் டிஸ்க் பிரேக் (ட்ரம்முக்குப் பதிலாகச் சுழலும் ஒரு தட்டை இரு பக்கமும் பிடிப்பது) உள்ள பெரிய கார்கள் சிலவற்றில், டிஸ்க்கின் நடுக்குழிக்குள் ஹாண்ட் பிரேக்குக்கென்று தனியாக ஒரு சின்ன ட்ரம் இருக்கும். அங்கே ஷூக்கள் இன்னும் தாராளமாக மிதக்கும். அப்படியான கார்கள் கொஞ்சம் கூடுதலாகவே உருண்டு நிற்கும்.

சில்லு ஒரு நூல் கூடச் சுழலாமலே காரின் உடல் நகர்வதும் உண்டு. சில்லைக் காரோடு இணைக்கும் கைகளின் மூட்டுகளில் ரபர் புஷ்கள் இருக்கின்றன. டயரின் பக்கச் சுவரும் ரபர்தான். இழுவை வந்ததும் இவை வளைந்து கொடுக்கும். சில்லு நின்ற இடத்திலேயே நிற்க, மேலே கார் சற்றுச் சரிந்து, ஒருதரம் ஆடி அமரும். காற்றுக் குறைந்த டயரும் பழைய புஷ்ஷும் இருந்தால் இந்த ஆட்டம் கூடும்.

நிறுத்தும் ஒழுங்கு

கார் எப்படியும் கொஞ்சம் நகரத்தான் போகிறது. அந்த நகர்வு முடிந்த பிறகு முழுப் பாரமும் எதன்மேல் இருக்கிறது என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். ஹாண்ட் பிரேக்கின்மேல் இருக்க வேண்டும். கியர்பெட்டியின்மேல் இருக்கக் கூடாது. அதைத் தீர்மானிப்பது நீங்கள் செய்யும் ஒழுங்கு.

மனுவல் கியர் காருக்கு:

1. கால் பிரேக்கை நன்றாக மிதித்துக் காரை முழுதாக நிறுத்துங்கள். காலை எடுக்க வேண்டாம்.
2. கிளச்சை மிதித்துக் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள்.
3. கால் பிரேக் மிதிபட்டிருக்கும்போதே ஹாண்ட் பிரேக்கை இழுங்கள். பின் சில்லில் ட்ரம் உள்ள கார்களில் ஒயில் அழுத்தம் ஏற்கெனவே ஷூக்களை விரித்து வைத்திருப்பதால், அதே கைப்பலத்துக்கு லீவர் இன்னும் ஒரு பல் மேலே ஏறும்.
4. கால் பிரேக்கை மெல்ல விடுங்கள். கார் நகர்ந்து அமரட்டும். கால் பெடலுக்கு மேலேயே இருக்கட்டும்.
5. அமர்ந்து நின்றபின் கிளச்சை மிதித்து, ஏற்றம் பார்த்து நின்றால் முதலாம் கியர், இறக்கம் பார்த்து நின்றால் ரிவர்ஸ். என்ஜினை நிறுத்திய பிறகு கிளச்சை விடுங்கள்.

நாலாவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். அவசரத்தில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்துவிட்டு இறங்கிப் போகிறவருக்குக் கார் அமர்ந்ததா, வழுகியதா என்று தெரியவே தெரியாது.

ஹாண்ட் பிரேக்கின் பொத்தானை அமுக்கிக்கொண்டு இழுப்பவர்கள் உண்டு, சத்தம் பிடிக்காது என்பதற்காக. இழுங்கள், பாதகமில்லை. ஆனால் பொத்தானை விட்டபிறகு லீவர் ஒரு பல்லில் போய்க் கொளுவியதா என்று கையால் லேசாகக் கீழே அமுக்கிப் பாருங்கள். இரண்டு பல்லுக்கு நடுவில் நின்றிருந்தால் லீவர் ஒரு பல் கீழே விழும். கேபிள் அந்த அளவுக்குத் தளரும், கார் நகரும். இதைப் பிரேக் பழுது என்று சொல்ல முடியாது.

ஓட்டோ கியர் காரில் விஷயம் இன்னும் முக்கியம். இன்று நம்மூரில் பலர் முதலில் வாங்குவதே ஓட்டோ கியர்தான். 'பி'யில் (பார்க்) போட்டால் கியர்பெட்டிக்குள் ஒரு சின்ன உருக்குக் கொக்கி போய், சில்லோடு தொடர்புள்ள ஒரு பற்சக்கரத்தின் பல்லிடுக்கில் விழும். சில்லைத் திரும்பவிடாமல் நிறுத்துவது அந்தக் கொக்கி மட்டும்தான். கொக்கி பல்லின் தலையில் முட்டி நின்றால், அடுத்த இடுக்கு வரும்வரை கார் உருளும். அப்புறம் 'டக்' என்று விழும். 'பி'யில் போட்டும் கார் நகர்ந்து ஒரு குலுக்கலோடு நிற்பதற்குக் காரணம் இதுதான்.

புதியவர்கள் செய்வது: பிரேக்கை மிதித்து, நேராக 'பி'யில் போட்டு, காலை எடுத்துவிட்டு, கடைசியாக ஹாண்ட் பிரேக்கை இழுப்பது. அதற்குள் கார் உருண்டு அந்தக் கொக்கியில் தொங்கிவிட்டது. பிறகு ஹாண்ட் பிரேக்கை எவ்வளவு இழுத்தாலும் பாரம் கொக்கியில்தான். காலையில் காரை எடுக்க 'பி'யிலிருந்து இழுக்கும்போது லீவர் இறுகி நிற்கும், பலமாக இழுத்தால் கீழே 'டங்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் கேட்டுப் பயந்து கியர்பெட்டியைப் பிரிக்கச் சொல்லிக் கொடுத்தவர்களையும் அறிவேன். பிரித்திருக்கவே தேவையில்லை.

சரியான ஒழுங்கு: கால் பிரேக்கை மிதித்தபடி 'என்'னுக்கு (நியூட்ரல்) கொண்டுவந்து, ஹாண்ட் பிரேக்கை இழுத்து, கால் பிரேக்கை விட்டுக் காரை அமரவிட்டு, மறுபடி கால் பிரேக்கை மிதித்து, அப்புறம் 'பி'. ஒரு நொடிதான் கூடுதல். எடுக்கும்போது இதற்கு மறுதலையாக: கால் பிரேக்கை மிதித்து, 'பி'யிலிருந்து 'டி'க்கு (டிரைவ்) மாற்றி, அதன் பிறகே ஹாண்ட் பிரேக்கை இறக்குவது.

பிரியஸ் போன்ற கார்களில் 'பி' ஒரு பொத்தான், ஹாண்ட் பிரேக் இடது காலால் மிதிக்கும் ஒரு பெடல். உள்ளே அதே கொக்கியும் அதே கேபிளும்தான், ஒழுங்கும் அதேதான். வெசல் போன்ற கார்களில் ஹாண்ட் பிரேக்கும் பொத்தான்தான். பின் சில்லில் ஒரு சிறு மோட்டார் பிரேக்கை இறுக்கும். அதை அழுத்தியதும் 'ஸ்ஸ்' என்று கேட்கும் மோட்டார்ச் சத்தம் நின்று, டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்த பிறகே காலை எடுங்கள். அதே இடத்தில் 'பிரேக் ஹோல்ட்' என்று இன்னொரு பொத்தான் இருக்கும். அது சிக்னலில் சற்று நிற்பதற்கு. அதை நம்பி இறங்கிக் கடைக்குப் போகாதீர்கள்.

சோக்கட்டியால் ஒரு சோதனை

அமர்வதா வழுகுவதா என்று சந்தேகம் தீரவில்லையா? ஒரு சோக்கட்டித் துண்டும் துணைக்கு ஒருவரும் போதும். மிதமான, வாகனப் போக்குவரத்து இல்லாத ஒரு சரிவைப் பாருங்கள். காருக்குக் கீழ்ப்பக்கம் ஆள், வாகனம், கால்வாய் எதுவும் இருக்கக் கூடாது. துணைக்கு வருபவர் பக்கவாட்டில் நிற்கட்டும். முன்னாலும் நிற்கக் கூடாது, பின்னாலும் நிற்கக் கூடாது.

நீங்கள் கால் பிரேக்கை மிதித்துக் காரை நிறுத்தி, நியூட்ரலில் ஹாண்ட் பிரேக்கை இழுத்து வையுங்கள். அவர் பின் டயரின் அடியில், டயர் தரையைத் தொடும் இடத்துக்கு நேரே, டயரின் பக்கத்தில் ஒரு கோடும் வீதியில் அதற்கு நேராக ஒரு கோடும் போடட்டும். போட்டுவிட்டு விலகியதும் நீங்கள் காலை விடுங்கள். நகர்வு நின்றதும் பாருங்கள்.

கார் ஆடியும் இரண்டு கோடுகளும் நேருக்கு நேர் நின்றால் சில்லு சுழலவில்லை. ஆடியது புஷ்ஷும் டயரும். டயரின் கோடு ஓரிரண்டு விரல்கடை விலகி அப்படியே நின்றால் ஷூக்கள் போய்த் தாங்கியில் முட்டியிருக்கின்றன, அதுவும் இயல்பு. இரண்டு நிமிடம் பொறுத்து மறுபடி பாருங்கள். கோடு இன்னும் விலகிக்கொண்டே போனால் பிரேக் பிடிக்கவில்லை. சில வேளை ஒரு பக்கச் சில்லு மட்டும் பிடித்து மற்றது பிடிக்காமல் இருக்கும். இரண்டு பக்கமும் கோடு போட்டால் அதுவும் அகப்படும்.

சமதரையிலும் ஒரு எளிய சோதனை இருக்கிறது. முன்னால் வெற்றிடம் உள்ள இடத்தில் ஹாண்ட் பிரேக்கை முழுதாக இழுத்து, ஓட்டோ கியர் கார் என்றால் 'டி'யில் போட்டு, அக்சிலேட்டரைத் தொடாமல் கால் பிரேக்கை மெல்ல விடுங்கள். கார் தானாக ஊரக் கூடாது. மனுவல் என்றால் முதலாம் கியரில் கிளச்சை மெதுவாக விடுங்கள். என்ஜின் திணறி நிற்கப் பார்க்க வேண்டும். கார் போகத் தொடங்கினால் கராஜுக்குப் போக வேண்டியதுதான்.

எவ்வளவு பிடித்தால் போதும் என்று கேட்பவர்களுக்கு: ஐ.நா.வின் 13-எச் இலக்க வாகன விதிமுறைப்படி, முழுப் பாரம் ஏற்றிய காரை 20 சதவீதச் சரிவில், அதாவது 10 அடிக்கு 2 அடி உயரும் ஏற்றத்தில், ஏறும் பக்கமும் இறங்கும் பக்கமும் ஹாண்ட் பிரேக் மட்டும் பிடித்து நிறுத்த வேண்டும். அதற்குக் கையால் கொடுக்கும் பலம் 400 நியூட்டனைத் தாண்டக் கூடாது. ஏறத்தாழ 40 கிலோ தூக்கும் பலம். நல்ல நிலையில் உள்ள காருக்கு இரண்டு கையாலும் தொங்கி இழுக்க வேண்டிய தேவையே வராது.

பழுது என்றால் எங்கே

லீவர் எத்தனை 'கிளிக்' ஏறுகிறது என்று கவனிக்கப் பழகுங்கள். பல கார்களுக்கு 5 முதல் 8 வரை. உங்கள் காருக்குரிய எண் கையேட்டில் இருக்கும். வாங்கியபோது 6-இல் நின்றது இப்போது 10-க்குப் போகிறது என்றால் உள்ளே இடைவெளி கூடியிருக்கிறது. லைனர் தேய்ந்திருக்கலாம், கேபிள் நீண்டிருக்கலாம், அல்லது தேய்மானத்துக்கேற்ப ஷூவைத் தானாக முன் தள்ளும் அட்ஜஸ்டர் இறுகிப்போயிருக்கலாம்.

நம்மூரில் மூன்றாவதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மூன்று பக்கமும் கடல். உப்புக் காற்று எந்த இரும்பையும் விட்டுவைப்பதில்லை, டச்சுக்குடாப் பக்கமும் உட்துறைமுக வீதியிலும் வெளியில் நிற்கும் கார்களை இன்னும் விடாது. அட்ஜஸ்டரின் சின்னப் பற்சக்கரம் துருவில் ஒட்டிவிட்டால் ஷூ முன்னுக்கு வராது. கேபிளின் உறை எங்காவது கிழிந்து அதற்குள் தண்ணீர் போனால் கேபிள் உள்ளேயே துருப்பிடித்துத் தடிக்கும். கையில் லீவர் இறுக்கமாகத் தெரியும், 'நல்லாப் பிடிக்குது' என்று நினைப்பீர்கள். அந்த இறுக்கம் முழுவதும் உறைக்குள் உராய்வில் போய்விடும். சில்லுக்குப் போய்ச் சேர்வது கொஞ்சம்தான்.

கராஜில் ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். ஹாண்ட் பிரேக் பிடிக்கவில்லை என்று சொன்னதும், லீவருக்கு அடியில் உள்ள நட்டை நாலு சுற்று முறுக்கிவிட்டு "இப்ப சரி" என்று அனுப்புபவர்கள் இருக்கிறார்கள். லீவர் 4-ஆவது கிளிக்கிலேயே இறுகும், உங்களுக்கும் திருப்தி. ஆனால் ஷூக்களின் இடைவெளியைச் சரிசெய்யாமல் கேபிளை மட்டும் இழுத்து வைத்தால், பிரேக் போடாத நேரத்திலும் ஷூக்கள் முழுதாகத் தம் இடத்துக்குத் திரும்பாது. அட்ஜஸ்டர் வேலை செய்வது நின்றுவிடும். ஓடும்போது லைனர் ட்ரம்மில் உரசிச் சூடாகும், பெற்றோலும் கூடக் குடிக்கும். ஒழுங்கான வேலை என்பது முதலில் ட்ரம்மைக் கழற்றித் துப்புரவாக்கி ஷூ இடைவெளியைச் சரிசெய்து, அதன்பிறகும் மிச்சம் இருந்தால் மட்டும் கேபிளைத் தொடுவது. வேலை முடிந்ததும் பின் சில்லுகள் இரண்டையும் ஜாக்கில் உயர்த்தி, லீவர் கீழே இருக்கும்போது அவை கையால் தடையின்றிச் சுழல்கின்றனவா என்று உங்கள் முன்னாலேயே சுற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

லைனரில் பிரேக் ஒயிலோ கிறீஸோ பட்டிருந்தால் எந்த அட்ஜஸ்ட்மென்டும் உதவாது. ஒயில் எங்கிருந்து ஒழுகுகிறது என்று பார்த்து அதை நிறுத்தி, லைனரை மாற்ற வேண்டும்.

நிறுத்தும்போது நின்று, பிறகு உருளும் கார்

இது குறைவாகவே நடக்கும், நடந்தால் ஆபத்து. பின்னால் டிஸ்க் பிரேக் உள்ள காரில், நீண்ட நேரம் பிரேக்கை மிதித்து மிதித்து ஓடிவந்து நிறுத்தினால் டிஸ்க் சூடாகி விரிந்திருக்கும். அந்த நிலையில் ஹாண்ட் பிரேக் போட்டால், டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேட் அந்த விரிந்த தடிப்பைப் பிடித்து நிற்கும். ஆறும்போது டிஸ்க் சுருங்கும். பிடி தளரும். பத்து இருபது நிமிடம் கழித்து, காரில் யாரும் இல்லாதபோது, அது நகரத் தொடங்கலாம். மோட்டார் வைத்த ஹாண்ட் பிரேக்குகள் பலவற்றில் சற்று நேரம் கழித்துத் தாமாகவே மறுபடி இறுக்கிக்கொள்ளும் ஏற்பாடு இதற்காகத்தான் இருக்கிறது. கேபிள் பிரேக் என்றால் நீங்கள்தான் ஒரு கிளிக் கூடுதலாக இழுத்து, கியரிலும் போட்டுவைக்க வேண்டும்.

கியரை மட்டும் நம்புவதும் சரியில்லை. மனுவல் காரை நிறுத்திய என்ஜின் பிடித்து வைப்பது சிலிண்டருக்குள் அடைபட்ட காற்றின் அழுத்தத்தால். அந்தக் காற்று மெல்லக் கசியும். செங்குத்தான சரிவில் கியர் மட்டும் போட்ட கார், கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம் ஒரு சின்ன உந்தலாக முன்னேறுவதைக் காணலாம். பழைய என்ஜின் என்றால் இன்னும் விரைவாக.

ஏற்றம், இறக்கம், மணல்

ஹாண்ட் பிரேக் பின் சில்லில் இருப்பதால் கார் பார்க்கும் பக்கமும் முக்கியம். ஏற்றம் பார்த்து நின்றால் பாரம் பின்சில்லுக்குச் சாயும், அது வீதியை நன்றாக அழுத்திப் பிடிக்கும். இறக்கம் பார்த்து நின்றால் பாரம் முன்னுக்குப் போய்ப் பின்பக்கம் லேசாகும். அப்போது பிரேக் சில்லை இறுக்கிப் பிடித்திருந்தாலும் டயரே வழுகலாம். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் கடற்கரைக்குப் பிரியும் ஒழுங்கைகளில் வீதிக்கு மேலே மெல்லிய மணல் பரவிக் கிடக்கும். அங்கே காரின் முகம் கடலைப் பார்த்துச் சரிவில் நிற்பதைவிட, திருப்பிப் பின்புறம் கடலைப் பார்க்க நிறுத்துவது நல்லது. கிளம்பும்போதும் வசதி.

ஸ்டியரிங்கையும் திருப்பிவிடுங்கள். நாம் இடது பக்கம் நிறுத்துபவர்கள். இறக்கம் பார்த்து நின்றால் முன் சில்லுகளை இடப்பக்கம், வீதியோரத்தை நோக்கித் திருப்புங்கள். ஏற்றம் பார்த்து நின்று, ஓரத்தில் உயர்ந்த கட்டு இருந்தால் வலப்பக்கம் திருப்புங்கள். கார் பின்னால் வந்தால் முன் சில்லின் பின்பகுதி கட்டில் முட்டி நிற்கும். கட்டு இல்லாத வீதி என்றால் ஏற்றத்திலும் இடப்பக்கமே. கார் உருண்டாலும் வீதிக்குக் குறுக்கே போகாமல் ஓரத்துக்குப் போகும். ஆனால் அந்த ஓரத்தில் திறந்த கால்வாய் இருந்தால் அங்கே நிறுத்தாமல் இருப்பதுதான் புத்தி.

கோட்டைக்குள் ஏறும்போது மான் குறுக்கே வந்து நின்றுவிடும். அவசரப்படாது, அது போகும்வரை நீங்களும் நிற்க வேண்டியதுதான். மறுபடி எடுக்கும்போது மனுவல் கார்காரர் முதலாம் கியரில், கிளச்சை மெல்ல விட்டு, என்ஜின் சத்தம் தடித்துக் காரின் பின்புறம் சற்று அமுங்கும் இடத்தை உணர்ந்து, கொஞ்சம் அக்சிலேட்டர் கொடுத்தபடி ஹாண்ட் பிரேக்கை இறக்க வேண்டும். அந்த அமுக்கம் வருமுன் இறக்கினால் கார் பின்னால் போகும். உங்கள் பின்னால் நெருக்கி நிற்கும் முச்சக்கர வண்டிக்காரர் ஹொர்ன் அடிப்பார், அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

மழைக்காலமும், நாள்கணக்கில் நிற்கும் காரும்

நவம்பர் தொடக்கம் ஜனவரி வரை மழை பிடித்தால் தாழ்ந்த வீதிகளில் சில்லு பாதி தண்ணீரில் போகும். அதற்குள்ளால் ஓடிவந்து அப்படியே ஹாண்ட் பிரேக் போட்டு நாலைந்து நாள் நிறுத்தினால், ஈரமான லைனரும் ட்ரம்மும் துருவால் ஒட்டிப்போகும். பிறகு லீவரை இறக்கினாலும் சில்லு விடாது. தண்ணீரைத் தாண்டியதும் சற்று தூரம் கால் பிரேக்கை லேசாக மிதித்தபடி ஓடிக் காயவிடுங்கள். பல நாள் நிறுத்துவதென்றால் சமதரையில், கியரில் அல்லது 'பி'யில் போட்டு, சில்லுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, ஹாண்ட் பிரேக்கை இறக்கிவிட்டுப் போகலாம். சரிவில் இதைச் செய்யவே கூடாது.

டயர் பஞ்சராகி ஜாக் அடிக்கும்போதும் கட்டை அவசியம். முன் சில்லால் ஓடும் காரில் முன் சில்லு ஒன்றை உயர்த்தினால் 'பி'யும் கியரும் பிடிக்காது. தரையில் நிற்கும் சில்லு ஒரு பக்கம் உருள, உயர்ந்த சில்லு மறுபக்கம் சுழன்று இடம் கொடுத்துவிடும். பின் சில்லை உயர்த்தினால் ஹாண்ட் பிரேக்கில் பாதி ஆகாயத்தில், மிச்சம் ஒரே ஒரு சில்லில். உயர்த்தும் சில்லுக்கு மூலைவிட்டமாக எதிரே உள்ள சில்லுக்கு இரண்டு பக்கமும் கல் வையுங்கள். உருண்டையான கல் வேண்டாம், அது காரோடு சேர்ந்து உருளும். மட்டமான பக்கம் உள்ள கருங்கல்லோ மரக்கட்டையோ நல்லது. டிக்கியில் இரண்டு மரக்கட்டை எப்போதும் கிடக்கட்டும். வீதியோரக் கல்லை எடுத்து வைத்திருந்தால், வேலை முடிந்ததும் அதை வீதியிலேயே விட்டுப் போகாமல் ஓரத்தில் தூக்கிப் போடுங்கள். இரவில் மோட்டார் சைக்கிளில் வருபவருக்கு அது தெரியாது.